ஏடு தொடங்குவதும் பூணூல் போடுவதும் ஒன்றா?

ரங்கூனில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு நாலு வயது. "வருகிற விஜயதசமிக்கு ஏடு தொடங்கிவிடலாம், அரிசியில் முதல் எழுத்தை எழுதவைத்துவிடலாம்" என்கிறார் மாமியார். "அதெல்லாம் பூணூல் போடுகிறவர்கள் செய்வது, நமக்கு எதற்கு" என்கிறார் வீட்டுக்காரர். மூத்தவள் ஏழு வயதுப் பெண், அவளுக்குச் செய்யாமலே விட்டுப்போய்விட்டது. அடுத்த ஜூனில் பர்மியப் பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளைக்கு எந்த எழுத்தில் தொடங்குவது, ஐயர் கிடைக்காவிட்டால் யார் எழுதிவைப்பது, எழுதிய அரிசியை அப்புறம் என்ன செய்வது என்றும் கேட்கிறார்.

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் வீட்டுக்காரர் சொல்வதிலும் ஒரு பழைய உண்மையின் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துக் காட்டிவிட்டால் அவரும் சம்மதித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

வடமொழியின் மிகப் பழைய வீட்டுச் சடங்கு நூல்களைப் பார்த்தால், கல்வியின் தொடக்கம் என்று அவை சொல்வது உபநயனத்தைத்தான். கௌதமரின் தர்மசூத்திரம் சம்ஸ்காரங்களை 40 என்று எண்ணுகிறது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது, முதல் சோறு ஊட்டுவது, முடி இறக்குவது, உபநயனம் எல்லாம் அதில் உண்டு. எழுத்துத் தொடங்குவது இல்லை. அவர்கள் கல்வி என்றது வேதத்தை. அது குருவின் வாயிலிருந்து மாணவனின் காதுக்குப் போவது. அதற்கு ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம். உபநயனம் என்ற சொல்லுக்கே அருகில் அழைத்துப் போவது என்றுதான் பொருள். பிள்ளையைக் குருவின் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது. பிராமணப் பிள்ளைக்கு எட்டாம் வயது, க்ஷத்திரியனுக்குப் பதினொன்று, வைசியனுக்குப் பன்னிரண்டு என்று கணக்கு; அதையும் கருவிலிருந்து எண்ணச் சொல்வார்கள். தலை மழித்து, பூணூல் அணிவித்து, காயத்ரியைக் காதில் ஓதி, முதல் பிச்சையைத் தாயிடமே வாங்கச் சொல்வார்கள். அன்று முதல் அவன் பிரம்மசாரி.

வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் அவருக்கு ஒரு வழியில் சுலபமாகப் புரியவைக்கலாம். தெருவில் ஷின்பியூ ஊர்வலம் பார்த்திருப்பாரே. சின்னப் பையனை இளவரசன் மாதிரி ஜோடித்து, குடை பிடித்து அழைத்துப்போய், தலை மழித்து, காவி உடுத்தி, கையில் பிச்சைப் பாத்திரம் கொடுத்து மடத்தில் சேர்ப்பார்கள். அம்மா துணியை விரித்து அந்த முடியை ஏந்திக்கொள்வாள். உபநயனத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டை விட்டு, தலை மழித்து, புது உடை உடுத்தி, பிச்சை எடுத்து, குருவிடம் சேர்வது. இரண்டும் ஒரே குடும்பத்துச் சாயல். ஆனால் பர்மியப் பிள்ளை எழுதக் கற்பது ஷின்பியூ அன்றைக்கா? இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே பாயில் உட்கார்ந்து "கஜீ, ககுவே" என்று எழுத்துகளைக் கத்தத் தொடங்கியிருப்பான். நம்முடைய ஏடு தொடக்கம் அந்தக் கஜீக்குச் சமம். ஷின்பியூவுக்குச் சமமானது பூணூல் கல்யாணம். வீட்டுக்காரர் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

எழுத்துக்குத் தனித் தொடக்கம் என்ற பழக்கமும் நேற்று வந்ததல்ல. அர்த்தசாஸ்திரம் அரசகுமாரனின் படிப்பைப் பற்றிப் பேசும்போது, முடி இறக்கும் சடங்கு முடிந்ததும் எழுத்தும் எண்ணும் படிக்கட்டும், உபநயனம் ஆன பிறகு வேதமும் மற்ற வித்தைகளும் படிக்கட்டும் என்று இரண்டையும் பிரித்தே வைக்கிறது. காளிதாசனும் ரகுவின் பிள்ளைப் பருவத்தைச் சொல்கையில் முடி இறக்கியதும் எழுத்துப் படித்தான் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் உபநயனத்துக்கு வருகிறார். லலிதவிஸ்தரம் என்ற வடமொழிப் பௌத்த நூலில் பாலன் சித்தார்த்தனை எழுத்துப் பள்ளிக்கு ஊர்கூடி அழைத்துப் போகிறார்கள். அங்கே அவன் வாத்தியாரிடம், 64 வகை எழுத்துகளைப் பெயர் சொல்லி, "இதில் எதைக் கற்றுத்தரப் போகிறீர்கள்" என்று கேட்கிறான். வாத்தியார் பாடு திண்டாட்டம். வித்யாரம்பம், அக்ஷராப்யாசம் என்று பெயரிட்டு, ஐந்தாம் வயது என்று வயதும் சொல்லி, முறைப்படி எழுதிவைத்தது, அப்புறம் வந்து சடங்கு விதிகளைத் தொகுத்த நிபந்த நூல்காரர்கள். பழக்கம் முதலில் வந்தது, விதி பிறகு வந்தது. நம் சடங்குகள் பாதிக்கு மேல் அப்படித்தான்.

தமிழில் இதற்கு ஏடு தொடங்குதல் என்று பெயர். யாழ்ப்பாணத்தார் ஏடு தொடக்குதல் என்பார்கள். ஏடு என்றால் பனையோலை. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் ஓலையில் எழுத்தாணியால் கீறினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் பூசி, மை தடவித் துடைத்தால்தான் கீறல்களில் மை தங்கி எழுத்து மேலே வரும். அப்படி மை ஏற்றிய புது ஓலையைப் பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் அன்றைய விசேஷம். மையாடல் என்று அதற்கே ஒரு பெயர் உண்டு. ஓலையில் எழுதுகிற பக்குவம் கைக்கு வரும்வரை பிள்ளை மணலில்தான் எழுதும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைப் பிள்ளைகள் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிறகு அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை இங்கிலாந்துக்குப் போய் "மதராஸ் முறை" என்று பெயர் வாங்கியது. நாம் தாம்பாளத்தில் பரப்புகிற அரிசி அந்த மணலுக்குப் பதில் வந்தது என்றே எனக்குத் தோன்றும்.

திண்ணைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உட்காரவே விடாமல் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ. பூணூல் வேண்டும் என்று அங்கே கேட்டதில்லை, ஆனால் சாதி கேட்டார்கள். அங்கிருந்து கப்பல் ஏறி இங்கே வயலுக்கும் துறைமுகத்துக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் திண்ணையை வெளியிலிருந்து பார்த்தவர்கள். என் அப்பாயி கைநாட்டு. எனக்கு 1961-இல் ஏடு தொடங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான். என் அண்ணனுக்கு மட்டும் செய்தால் போதும் என்று பேச்சு வந்தபோது, "எனக்கு விட்டுப்போனது போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஆகவே உங்கள் பெண்ணைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் யோசனையே இல்லை. இருவருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால் என்ன? தம்பிக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் அவள் கையையும் பிடித்து எழுதட்டும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை வயதில் செய்வது வழக்கம். ஏழு அவளுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பையனுக்கு நாலு நடக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். "அஞ்சாம் வயசு பிறந்தாச்சா?" என்று வயதைக் கருவிலிருந்து எண்ணிச் சமாதானம் சொல்லும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இப்போது செய்முறை. வீட்டில் செய்வதாகவே வைத்துக்கொள்வோம். கோயிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரஸ்வதி பூஜையன்று மாலையே பிள்ளையின் சிலேட்டு, புதுப் புத்தகம், பென்சில் எல்லாவற்றையும் பூஜையில் அடுக்கிவிடுங்கள். பெண்ணின் பள்ளிப் புத்தகங்களும் அங்கேதான் போக வேண்டும். அன்று படிக்கக்கூடாது என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சந்தோஷம் சொல்லி முடியாது. மறுநாள் விஜயதசமி காலை, குளித்து, புதுத்துணி போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து விளக்கேற்றுங்கள். என் அம்மா கன்னத்தில் தனாக்கா பூசாமல் எங்களைப் பூஜைக்கு உட்காரவிட்டதில்லை. சந்தனத்துக்குப் பதில் தனாக்காவா என்று ஊரிலிருந்து வந்த ஒரு மாமி கேட்டார். இரண்டும் கல்லில் அரைக்கிற மரம்தானே என்றாள் அம்மா.

தாம்பாளம் அகலமாக இருக்கட்டும், விளிம்பு உயர்ந்ததாக. பச்சரிசி ஒரு விரல் கனத்துக்குப் பரவியிருந்தால் போதும். குவித்து வைத்தால் எழுத்து நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். மெல்லிசாகப் பரப்பினால் தாம்பாளத்தின் அடிப்பகுதி தெரிந்து பிள்ளை எழுத்தை விட்டுவிட்டு அதில் முகம் பார்க்கும். எழுதிவைப்பவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், எதிரே அல்ல. எதிரே உட்கார்ந்தால் எழுத்து அவருக்கு நேராகவும் பிள்ளைக்குத் தலைகீழாகவும் விழும். இதைக் கவனிக்காமல் எத்தனையோ பெரியவர்கள் முதல் எழுத்தையே தலைகீழாக எழுதிவைத்திருக்கிறார்கள். பிள்ளையின் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மற்ற மூன்றையும் உங்கள் உள்ளங்கையில் மடக்கிப் பிடியுங்கள். நீங்கள் தள்ளாதீர்கள். விரலின் பாரத்தை அரிசியில் விட்டு மெதுவாக இழுத்தால் போதும். அரிசி விலகும்போது ஒரு சரசரப்புக் கேட்கும், பாருங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையும் அந்தச் சத்தத்துக்கு வாயை மூடிவிடும்.

முதலில் பிள்ளையார் சுழி. பிறகு "ஓம்". பிறகு "அ". மூன்று முறை எழுதுவது வழக்கம். ஒவ்வொன்றையும் எழுதும்போது சத்தமாகச் சொல்லி, பிள்ளையையும் சொல்லவைக்க வேண்டும். கேரளத்தார் தங்க மோதிரத்தால் நாக்கிலும் எழுதுவார்கள். தேனில் தோய்த்து நாக்கில் வைக்கிற வீடுகள் நம்மிலும் உண்டு. செய்ய ஆசையாக இருந்தால் மோதிரத்தை வெந்நீரில் நன்றாகக் கழுவுங்கள். ஒரே மோதிரத்தைப் பத்துப் பிள்ளைகள் வாயில் வைக்கிற இடமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். உங்கள் பையன் இடது கைக்காரனாக இருந்தால் இந்த ஒரு நாள் வலது கையைப் பிடித்து எழுதிவிட்டு, மறுநாளிலிருந்து அவன் கையை அவன் போக்கில் விட்டுவிடுங்கள். இடது கையிலேயே எழுதிவைத்தாலும் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது என் கட்சி. உங்கள் மாமியாரிடம் இதைச் சொன்னது நான் என்று சொல்லாதீர்கள்.

எழுதும்போது சொல்வதைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பழைய ஓலைச்சுவடிகளின் தலையில் "அரி ஓம் நன்றாக, குரு வாழ்க, குருவே துணை" என்று இருக்கும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது "அரி நமோத்து சிந்தம்". என் அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். பொருள் கேட்டால் அவருக்கும் தெரியாது. "சிந்தம்" என்பது சித்தம், "நமோத்து" என்பது நமோஸ்து. சித்தர்களுக்கு, அதாவது முழுமை அடைந்தவர்களுக்கு வணக்கம் என்பது பொருள். இது சமணப் பள்ளிகளின் வணக்கம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். முன்னால் "அரி"யைச் சேர்த்து நாம் நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம். தெலுங்கர்கள் இன்றும் அரிச்சுவடியை "ஓனமாலு" என்பார்கள். "ஓம் நம: சிவாய, சித்தம் நம:" என்று தொடங்கிய பாடத்தின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யிஜிங் என்ற சீனத் துறவி, இங்கே ஆறு வயதுப் பிள்ளைகள் "சித்திரஸ்து" என்று தொடங்கும் அரிச்சுவடியைப் படிக்கிறார்கள் என்று எழுதிவைத்துப் போயிருக்கிறார். ஆக, உங்கள் மடியில் உட்கார்ந்து உங்கள் பையன் "சிந்தம்" என்று மழலையில் சொன்னால், அது ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு சீனர் காதில் விழுந்த வார்த்தையின் பேரப்பிள்ளை.

பள்ளி என்ற நம் சொல்லையே பாருங்கள். முதலில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குத்தான் பள்ளி என்று பெயர். அங்கேயே பிள்ளைகள் படித்ததால் படிக்கிற இடமும் பள்ளி ஆயிற்று. இங்கே பர்மியர்கள் மடத்தையும் பள்ளிக்கூடத்தையும் "சௌங்" என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்களே, அதுவும் இதே கதைதான். நம்மில் பழசு மறந்துபோய்விட்டது, அவர்களில் மடமும் பள்ளியும் இன்னும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

சரி, எந்த எழுத்தில் தொடங்குவது? முதலில் தமிழ். அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. பர்மிய எழுத்தைப் பள்ளிக்கூடம் எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடும். தமிழை நீங்கள் தொடங்காவிட்டால் தொடங்குவதற்கு ஆள் கிடையாது. 1965-இலிருந்து தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நான் படித்த தமிழ்ப் பள்ளியும் போயிற்று. அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடங்களில்தான் கடைகளும் பாங்குகளும் அரசுடைமை ஆகி, லட்சக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் கப்பல் ஏறத் தொடங்கியிருந்தன. என் வகுப்பில் வாரம் ஒரு இடம் காலியாகும். மிஞ்சியவர்கள் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் அரிக்கேன் விளக்கில் படித்தோம். "அ" எழுதத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தலைமுறையாகவே வளர்ந்தார்கள். தமிழ் பேசுவார்கள், கோயிலில் விழுந்து கும்பிடுவார்கள், கல்யாணப் பத்திரிகையை மட்டும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறேன்.

தமிழில் "அ" எழுதி முடித்ததும் அதே அரிசியை வழித்துவிட்டுப் பர்மிய "க" ஒன்றும் எழுதிவையுங்கள். பாவம் ஒன்றும் இல்லை. இரண்டு எழுத்தும் தூரத்து உறவுதான். இரண்டுக்கும் மூலம் பிராமி என்ற பழைய எழுத்து. தென்னிந்திய எழுத்து கடல் தாண்டி வந்து, இங்கத்துப் பழைய மக்களான மோன்களிடமும் பியூக்களிடமும் தங்கிப் பர்மிய எழுத்தாக வட்டம் வட்டமாக ஆயிற்று. பனையோலையில் நேர்கோடு கீறினால் நரம்போடு ஓலை கிழியும், அதனால்தான் இரண்டும் உருண்டையாயின என்பார்கள். என் வகுப்பில் ஒரு பையன் "ட"வை எழுதச் சொன்னால் மூலையை மடக்காமல் வளைத்தே எழுதுவான். பர்மிய வட்டம் போட்டுப் பழகிய கை. திருத்தித் திருத்திப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள், ஓலையில் எழுதியிருந்தால் என் "ட"வைவிட அவனுடையதுதான் கிழியாமல் இருந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வீட்டுப் பூஜைக்குப் பக்கத்து வீட்டுப் பர்மியர்களை அழைக்கத் தயங்க வேண்டாம். சரஸ்வதி அவர்களுக்கும் தெரிந்தவள். தூயதடி என்று அவர்கள் சொல்லும் தெய்வம் அவளேதான். அன்னத்தின் மேல் உட்கார்ந்து, கையில் திரிபிடகச் சுவடி வைத்திருப்பாள். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் அவளிடம் போய் நிற்பார்கள். விஜயதசமி முடிந்து ஐந்தாறு நாளில் பெரும்பாலும் தடிஞ்சுட் பௌர்ணமி வந்துவிடும். அப்போது சிறியவர்கள் பெற்றவர்களையும் சயா, சயாமா என்று அழைக்கும் ஆசிரியர்களையும் தேடிப்போய் விழுந்து வணங்குவார்கள். புத்தர், தர்மம், சங்கம், தாய்தந்தை, ஆசிரியர் என்று ஐந்தையும் அளவற்ற நன்மைக்குரியவை என்று ஒரே வரிசையில் வைத்திருப்பவர்கள் அவர்கள். எழுதிவைத்த பெரியவருக்கு உங்கள் பிள்ளை வெற்றிலை பாக்கில் தட்சிணை வைத்து விழுந்து கும்பிடுவதைப் பார்த்தால் அவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அப்புறம் நாள், நேரம். விஜயதசமிக்குத் தனி முகூர்த்தம் பார்க்க வேண்டாம் என்பது பொது வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விஷ்ணு உறங்குவதாகச் சொல்லும் ஆடி முதல் கார்த்திகை வரையான காலத்தில் எழுத்துத் தொடங்கக்கூடாது, உத்தராயணத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது நிபந்த நூல்களின் விதி. விஜயதசமி சரியாக அந்த உறக்கத்தின் நடுவே வருகிறது. ஊர் விதியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த நாளையே எடுத்துக்கொண்டது. வங்காளிகள் விதிக்கு ஒத்தபடி தை, மாசியில் வரும் வசந்த பஞ்சமியில் செய்கிறார்கள். "ஹாத்தே கொடி", அதாவது கையில் சுண்ணாம்புக் கட்டி என்று அதற்குப் பெயர். விஜயதசமி தவறிப்போனால் யாழ்ப்பாணத்தாரைப் போலத் தைப்பூசத்தில் செய்யலாம். வேறு நாள் பார்ப்பதானால் புதன், வியாழன், வெள்ளி நல்லது. அஷ்டமி, நவமி, அமாவாசை வேண்டாம். அஸ்தம், புனர்பூசம், சுவாதி, திருவோணம், ரேவதி மாதிரி நட்சத்திரம் கிடைத்தால் விசேஷம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது, அதனால் சொல்கிறேன். சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம் முடியும் நேரம் இந்திய நேரப்படி இருக்கும். நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தசமி காலை 9.20 வரை என்று போட்டிருந்தால் ரங்கூனில் அது 10.20 வரை. ஆனால் ராகுகாலத்தை இப்படிக் கூட்டக்கூடாது. அது அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது, நம் ஊர் உதயத்தையே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் குழப்பி, நல்ல நேரத்தை விட்டுவிட்டுச் சரியாக ராகுகாலத்தில் பிள்ளையை உட்காரவைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இப்போது டாக்டர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐயர் கட்டாயம் இல்லை. உபநயனத்துக்கு வேண்டும், ஹோமம் உண்டு, மந்திரம் உண்டு. இதற்கு எழுதத் தெரிந்த, பிள்ளைக்கு அச்சம் இல்லாத ஒரு பெரியவர் போதும். தாத்தா, தாய்மாமன், அப்பா, ஆசிரியர் என்று யாரும் எழுதிவைக்கலாம். பெண்கள் எழுதிவைக்கக்கூடாது என்று எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என் கைபிடித்து எழுதியவர் அப்பா. என் பெயர்த்திக்கு எழுதியவள் நான்.

கோயிலில் செய்வதானால் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் நான் உறவுக்காரப் பிள்ளை ஒன்றை ஒரு கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். நாற்பது பிள்ளைகள் வரிசையில். மேளம், புகை, ஒலிபெருக்கி. குருக்கள் ஒருவர்தான், அவர் மேல் குற்றம் இல்லை. ஒவ்வொரு கையையும் எட்டிப் பிடித்து ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தபோது பிள்ளை மிரண்டு காலை உதைத்ததில் தாம்பாளம் கவிழ்ந்து அரிசி முழுக்கத் தரையில். பின்னால் நின்றவர்கள் "அபசகுனம்" என்று முணுமுணுத்தார்கள். பிள்ளையின் அம்மா அன்று முழுக்க அழுதாள். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்த பிள்ளையை மடியில் வைத்து, அடுக்களையில் இருந்த அரிசியிலேயே "அ" எழுதிவைத்தேன். அதற்கப்புறம்தான் அவளுக்கு நிம்மதி. ஆகவே கோயிலில் அர்ச்சனை செய்துகொள்ளுங்கள், எழுத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகும் யோகம் இருந்தால் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயில் இருக்கிறது. அங்கேயும் விஜயதசமியன்று போகாமல் சாதாரண நாளில் போனால் பிள்ளை அம்பாளைக் கண்ணாலாவது பார்க்கும்.

கடைசியாக அரிசி. கொட்டக்கூடாது, குருவிக்கும் போட வேண்டாம். பிள்ளை எழுதிய எழுத்தைக் கையாலேயே வழித்து, தாம்பாளத்தோடு எடுத்துப்போய்க் கல் பார்த்து, களைந்து, அன்று மத்தியானமே சர்க்கரைப் பொங்கல் வைத்துவிடுங்கள். இங்கத்துப் புதுப் பச்சரிசி சீக்கிரம் குழைந்துவிடும், தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். முதல் கரண்டி எழுதியவனுக்கு, இரண்டாவது அவன் அக்காளுக்கு.